உத்தியோகம் போன பின்பு

‘உத்தியோகம் புருஷ லட்சணம்’ என்பது நம்மவர் வாயில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இதனை ஆக்கிய பெரியவர், ஒருநாட் காலை கந்தோருக்குச் சென்று, ‘அடுத்த மாதம் முதல் வரவேண்டியதில்லை’ என்னும் கடிதத்தைக் கையிற் பெற்றுக்கொண்டு வீடு திரும்பியவர் அல்லர் என்பது மட்டும் திண்ணம். அங்ஙனம் திரும்பியவராயின், புருஷனுக்கு வேறு சில லட்சணங்களையும் உடன்சேர்த்துச் சொல்லியிருப்பார்.

எமது பகுதியார்க்கு அத்தகைய கடிதம் புதியதன்று. மட்டக்களப்பிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே சித்தாண்டியையும் சந்திவெளியையும் கடந்தால் கிரான். அதற்கும் அப்பால் வாழைச்சேனை. அங்கே 1956ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய ஆலை வைக்கோலைக் கடதாசியாக்கிற்று. சூடடித்து நெல்லை அள்ளிய பின்னர் எஞ்சிக் கிடந்த வைக்கோலுக்கும் ஒரு விலை உண்டாயிற்று. ஊர்ப் பிள்ளைகளுக்கு மாதம் முடிய ஒரு சம்பளமும் உண்டாயிற்று. பின்னர்ப் போர் வந்தது. பொருள் முடை வந்தது. ஆலை நலிந்து நெடுங்காலம் முடங்கிக் கிடந்தது. சம்பளத்தை நம்பி வீட்டுக்கு அத்திவாரம் போட்டவர்கள் பலர் அந்த அத்திவாரத்தை ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் பின்னரும் ஓர் அடி வந்தது. 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதையும் வாட்டிய பொருளாதார நெருக்கடியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடதாசி கிட்டாமையால் அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ஓர் ஆங்கில நாளிதழும் ஒரு சிங்கள நாளிதழும் தமது சனிக்கிழமைப் பதிப்பை அச்சிடாது நிறுத்தின. மேல் மாகாணப் பாடசாலைகளின் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. செப்டெம்பர் மாதத்திலே பணவீக்கம் நூற்றுக்கு எழுபது வீதத்தை எட்டும் நிலைக்கு வந்தது. அச்சகங்களும் விளம்பர நிலையங்களும் செலவைச் சுருக்க முற்பட்டபோது, முதலில் ஆட்டம் கண்ட நாற்காலிகளுள் ஒன்று வரைகலைஞனுடையது. அழைப்பிதழ், நூலட்டை, விளம்பரம், பெயர்ப்பலகை, கடைச் சின்னம் ஆகியவற்றை வடிவமைத்துத் தருபவனையே வரைகலைஞன் என்கின்றோம். கொழும்பிலே அந்நாற்காலியில் அமர்ந்திருந்த எமது பிள்ளைகள் சிலர் ஒரு கணினியுடன் ஊருக்குத் திரும்பினர். இவர்களைக் குறித்துத் தந்தைமார் எம்மிடம் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றுதான்.

“சேர், இவன் கொழும்பில நல்ல கொம்பனியில இருந்தவன். இப்ப வீட்டுக்குள்ள இருந்து கொம்பியூட்டர்ல படம் கீறிக்கொண்டு இரிக்கான். இதையும் ஒரு தொழில் எண்டு சொல்லலாமா?”

இவ்வினாவை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. 2017ஆம் ஆண்டிலே மட்டக்களப்பு காந்திப் பூங்காவின் முன்னே வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்ததைக் கண்ட ஊர் இது. அரசாங்க உத்தியோகம் ஒன்றே கரைசேர்க்கும் தோணி என்று பெற்றோர் எண்ணுவதிற் குற்றம் இல்லை. ஆயினும், அத்தோணி வரும்வரை கரையிலேயே இருப்பதா என்பதே பிள்ளைகளின் கேள்வி. ‘எவனுக்கும் கைகட்டி நில்லாத சுதந்திரத் தொழில்’ என்று இதனைப் புகழ்ந்து அவர்களை உற்சாகப்படுத்துவோரும் உளர். அவர்கள் சொல்வது பாதி உண்மை; மற்றப் பாதியைப் பற்றியதே இக்கட்டுரை.

தனித்தொழில் செய்வோனை ஆங்கிலத்தில் ‘பிறீலான்ஸர்’ என்பர். அச்சொல்லின் பிறப்பு மாணவர்களுக்குச் சுவை தரும். ‘லான்ஸ்’ என்பது ஈட்டி. சேர் வால்ட்டர் ஸ்கொட் 1820ஆம் ஆண்டளவில் வெளிவந்த ‘ஐவன்ஹோ’ என்னும் நவீனத்திலே, ஓர் அரசனுக்கும் கட்டுப்படாது கூலி கொடுப்பவன் பக்கம் நின்று பொரும் ஈட்டி வீரரை அப்பெயரால் அழைத்தார். ஈட்டி பேனாவாகிப் பின்னர்க் கணினியாகவும் மாறிற்று. கூலி மட்டும் மாறவில்லை, அதனைப் பேசி வாங்கவேண்டிய சங்கடமும் மாறவில்லை.

நம் முன்னோர்க்கும் இவ்வாழ்வு தெரியாததன்று. ஓர் அரசவையிலே நிலையாக இராது, வள்ளல்களை நாடிச் சென்று பரிசில் பெற்று வாழ்ந்த சங்கப் புலவர்கள் வேறு யார்? பெருஞ்சித்திரனார் என்னும் புலவரை அதியமான் நேரிற் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பினான். அவர் அதனை ஏற்க மறுத்துவிட்டார். தம் புலமையின் அளவை அறிந்து தருவதாயின் தினையளவும் போதும் என்பது அவர் நிலை. தனித்தொழில் புரிவோன் ‘இவ்வேலை எனக்கு வேண்டாம்’ என்று சொல்லப் பழக வேண்டும் என்பதற்கு இதனிலும் பழைய சான்று எமக்கு வேண்டுவதில்லை. ஆனால் அதே புலவர் குமணனிடம் பெற்ற செல்வத்தை மனைவி கையிற் கொடுத்து, இன்னார் இனியார் என்று பாராமலும், நாளைக்கென்று எண்ணிச் சேமிக்காமலும் எல்லார்க்கும் கொடு என்றார். புறநானூற்றில் நாம் போற்றிப் படிக்கும் பகுதி இது. வகுப்பறையிற் போற்றுவோம், கணக்குப் புத்தகத்தில் இந்தப் புலவரைப் பின்பற்ற வேண்டாம்.

வேலையிழந்த வடிவமைப்பாளருக்கு அண்மைக்கால உலகத்திலே ஓர் உதாரணம் தேடுவோமாயின், ஜெர்மனி தேசத்து யான் சிகோல்ட் என்பவரையே முதலிற் சொல்ல வேண்டும். இவர் 1902ஆம் ஆண்டில் லைப்சிக் நகரில் ஒரு பெயர்ப்பலகை எழுதுவோரின் மகனாகப் பிறந்தவர். எழுத்தின் வளைவும் நெளிவும் வீட்டிலேயே கண்டு வளர்ந்த பிள்ளை. இருபத்தொரு வயதில் வைமார் நகரிலே பௌஹவுஸ் கலைப்பள்ளியின் கண்காட்சியைக் கண்டு மனம் மாறினார். அலங்காரம் வேண்டாம், பக்கத்தின் நடுவிலே எழுத்தை அடுக்கும் பழைய வழக்கம் வேண்டாம், குஞ்சமும் கொண்டையும் இல்லாத நேரிய எழுத்தே இக்காலத்துக்கு உரியது என்று முழங்கினார். 1928இல் ‘புதிய அச்சுக்கலை’ என்னும் பொருள்படும் பெயரில் அவர் எழுதிய நூல் இத்துறையில் இன்றும் பேசப்படுவது. அப்போது அவர் மியூனிக் நகரின் அச்சுத்தொழிற் பள்ளியில் ஆசிரியர், நல்ல உத்தியோகம், மனைவி, அடுத்த ஆண்டு ஒரு மகன்.

1933ஆம் ஆண்டில் நாசிகள் ஆட்சிக்கு வந்தனர். அவர்கள் மார்ச் மாதத்திலே சிகோல்டின் வீட்டைச் சோதனையிட்டனர். அவரையும் மனைவியையும் பிடித்துச் சென்றனர். ஜெர்மனியப் பண்பாட்டுக்கு விரோதமாக எழுத்தை அடுக்கினார் என்பது அவர்மேல் எழுந்த பழி! எழுத்தை இடப்பக்கம் தள்ளி அடுக்கியதற்காக ஒரு மனிதனைச் சிறையிலிட்ட கதையை மாணவர்களுக்குச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். உத்தியோகம் போயிற்று. அவரை அப்பள்ளிக்கு அழைத்திருந்த தலைவரும், ‘பியூச்சரா’ என்னும் புகழ்பெற்ற எழுத்துருவை ஆக்கியவருமான பௌல் றெனரும் அவ்வாண்டிலேயே பதவி இழந்தார். சில வாரங்களின் பின் விடுபட்ட சிகோல்ட், ஆகஸ்டு மாதத்திலே மனைவியோடும் நான்கு வயது மகனோடும் சுவிட்சர்லாந்திலுள்ள பாசல் நகரை அடைந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று.

பாசலிலே நிலையான பதவி இல்லை. ஒரு பதிப்பகத்திலே அரைநேர வேலை, சிறிது கற்பித்தல், கிடைத்த நூல்களை வடிவமைத்தல், எழுதுதல் என்று பல சிறு வாய்க்கால்களிலிருந்து நீர் சேர்த்தே அவர் குடும்பம் நடத்தினார். 1935இல் மற்றுமொரு நூல் எழுதினார். சுவிட்சர்லாந்தின் குடியுரிமை 1942இலேதான் கிடைத்தது. இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. வந்த ஐந்தாறு ஆண்டுகளிலே, தாம் முழங்கிய புதிய முறையையே அவர் கைவிடத் தொடங்கினார். நீண்ட நூலொன்றை அமைதியாக வாசிக்க வேண்டியவனுக்குப் பழைய நடுவடுக்கு முறையும் பழைய எழுத்துமே பொருந்தும் என்றார். ‘இது ஒன்றே சரி’ என்னும் தம் இளமைப் பிடிவாதத்துக்கும் தம்மைச் சிறையிலிட்டவர்களின் பிடிவாதத்துக்கும் ஏதோ ஓர் உறவிருப்பதாகவும் அவருக்குத் தோன்றிற்று. நண்பர்கள் துரோகி என்றனர். அவர் பொருட்படுத்தவில்லை. சம்பளம் தரும் நிலையத்தின் பாணி வேறு, தன் கைவன்மை வேறு என்று பிரித்தறிந்தவருக்கே இது முடியும். கொழும்பு நிலையத்தில் ஐந்தாண்டு ஒரேவிதமான விளம்பரத்தைச் செய்து வந்த பிள்ளை, அதுவே தன் கலை என்று எண்ணியிருந்தானாயின், அந்த நிலையத்தோடு அவன் கலையும் போய்விட்டதாகவே கலங்குவான்.

1947இலே இங்கிலாந்தின் பெங்குவின் பதிப்பகத்தை நடத்திய அலன் லேன் அவரை அழைத்தார். மலிவுவிலை நூல்கள், பல அச்சகங்கள், ஒவ்வோர் அச்சுக்கோப்பவரும் தத்தம் மனம்போனபடி எழுத்தடுக்கி வந்தனர். சிகோல்ட் நன்றாக இருக்கும்படி செய்யுங்கள் என்று சொல்லிப் பார்த்தார், பயனில்லை. ஆகவே நான்கு பக்கத்திலே விதிகளை எழுதி அச்சிட்டு எல்லா அச்சகத்துக்கும் அனுப்பினார். நிறுத்தக் குறிக்குப் பின் எவ்வளவு இடைவெளி, மேற்கோளை எப்படி அமைப்பது, பந்தியை எங்கே தொடங்குவது என்பனவெல்லாம் அதில் இருந்தன. அதற்கும் மேலாக, பெரிய எழுத்துக்களினிடையே உள்ள வெளியைக் கண்ணளவாற் சமப்படுத்துக என்னும் கட்டளையை ஒரு றப்பர் முத்திரையாகவே செய்வித்து, திருத்தப்படிகளில் ஓயாது குத்தியனுப்பினார். 1949இல் அவர் சுவிட்சர்லாந்துக்குத் திரும்புவதற்குள் ஐந்நூறுக்கு மேற்பட்ட நூல்கள் அவர் கண்ணின் கீழ் உருப்பெற்றிருந்தன.

அந்த நான்கு பக்கங்கள் எமக்கு அவருடைய பெரிய நூல்களிலும் பெறுமதியுடையனவாகத் தோன்றுகின்றன. வாயாற் சொன்னதை எழுத்தில் வைத்தார். எழுத்தில் வைத்தபின் வாதம் குறைந்தது. தனித்தொழிலின் உயிர்நிலை இதுவே என்று நாம் கருதுகிறோம். நிலையத்தில் இருந்த காலத்தில் வடிவமைப்பாளன் செய்தது பாதி வேலைதான். விலை பேசியவர் ஒருவர். ‘இன்ன தேதிக்கு முன் முடியாது’ என்று மறுத்தவர் ஒருவர். நிலுவையைத் துரத்திப் பிடித்தவர் ஒருவர். அவர்களை அவன் கண்ணாலும் கண்டிருக்க மாட்டான். உத்தியோகத்தோடு அவர்களும் போய்விட்டார்கள். இனி அந்த மூவரும் அவனே. படம் கீறத் தெரிந்தவன் பட்டினி கிடப்பது படம் கீறத் தெரியாமையாலன்று.

தமிழ்நாட்டின் கோபுலுவை இங்கு நினைவுகூர வேண்டும். இவர் வேலை நீக்கப்பட்டவர் அல்லர். தாமே விட்டு நீங்கியவர். தஞ்சாவூரில் 1924இல் பிறந்து, கும்பகோணத்தில் ஓவியம் பயின்று, 1945 முதல் ஆனந்த விகடனிலே வரைந்தவர். ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடராக வந்தபோது சண்முகசுந்தரத்துக்கும் மோகனாவுக்கும் முகம் கொடுத்தவர் இவரே. இல்லந்தோறும் பெயர் பெற்றிருந்த காலத்தில், 1963இலே, அவ்விடத்தை விட்டு விளம்பரத்துறைக்குச் சென்றார். வாசகர்கள் வருந்தினர். அவரோ அத்துறையின் நடைமுறைகளை மற்றொருவர் நிறுவனத்தில் இருந்து கற்றுக்கொண்டு, 1972ஆம் ஆண்டிலே ‘அட்வேவ்’ என்னும் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். இடைப்பட்ட அந்த ஆண்டுகளை நாம் கவனிக்க வேண்டும். முதுமையில் பக்கவாதத்தால் வலக்கை சோர்ந்தபோது இடக்கையால் வரையப் பழகினார் என்பர். 2015இல் அவர் மறைந்தார்.

இனி விலைக்கு வருவோம். எமது இளைஞர்கள் பெரிதும் இடறி விழும் படி இதுவே. ஆதலின் சற்றுத் தாமதித்து, வகுப்பிலே கணக்குச் செய்வதுபோலவே செய்து பார்ப்போம்.

ஓர் இளைஞன் மாதம் 60,000 ரூபா சம்பளம் பெற்றான் என்று வைத்துக்கொள்வோம். வேலை போனபின் அவன் போடும் கணக்கு என்ன? மாதத்தில் 25 வேலைநாள். ஆகவே நாளொன்றுக்கு 2,400 ரூபா. ஒரு நாளில் ஓர் அழைப்பிதழை வடிவமைத்தால் 2,400 ரூபா கேட்கலாம். புதியவன் ஆதலால் 2,000 போதும் என்கிறான். இக்கணக்கு முழுவதும் பிழை.

முதலாவது, அவன் பெற்றது 60,000 மட்டும் அன்று. ஊழியர் சேமலாப நிதிக்கு அவன் தன் பங்காக 8 வீதம் செலுத்த, தொழில் கொள்வோர் 12 வீதம் செலுத்தினர். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர்கள் மேலும் 3 வீதம் செலுத்தினர். சேமலாப நிதி 1958ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் நம்பிக்கை நிதி 1980ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் வந்தவை. இந்த 15 வீதம் 9,000 ரூபா. சம்பளச் சீட்டின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தமையால் அவன் அதனை ஒருநாளும் வாசித்ததில்லை. இரண்டாவது, கணினி நிலையத்தினுடையதாக இருந்தது. மூன்று இலட்சம் ரூபாக் கணினி ஐந்தாண்டு உழைக்குமென்றால் மாதம் 5,000 ரூபா. மின்சாரம், இணையம், தொலைபேசி ஆகியவற்றுக்கு 6,000 என்று வைப்போம். ஆக 80,000 ரூபா. மூன்றாவதே பெரிது: மாதத்தில் 25 நாளும் கூலி தரும் வேலை கிடையாது. வேலை தேடவும், பேசவும், திருத்தவும், நிலுவைக்கு நடக்கவும் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் கழிந்துவிடும். கூலி தரும் நாள் 10 என்று கொண்டால், நாளொன்றுக்கு 8,000 ரூபா பெற்றாலன்றிப் பழைய நிலையில் அவன் இல்லை. 2,400 எங்கே, 8,000 எங்கே! நோயுற்ற நாளுக்கும் விடுமுறைக்கும் யாரும் சம்பளம் தரமாட்டார்கள் என்பதையும், ஐந்தாண்டுக்குக் குறையாது வேலை செய்தோர்க்கு உரிய பணிக்கொடை இனி இல்லை என்பதையும் நாம் இன்னும் கூட்டவே இல்லை.

கிரானிலே ஓர் அழைப்பிதழுக்கு யார் 8,000 ரூபா கொடுப்பார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கொடுக்க மாட்டார்கள்தான். ஆனால் அந்த எண்ணை அறிந்தவன் அதற்கேற்பத் தன் வேலையைத் தேர்ந்துகொள்வான். அழைப்பிதழை இரண்டு மணி நேரத்தில் முடிக்கும் வகையில் முன்மாதிரிகளை ஆயத்தமாக வைத்திருப்பான். பெரிய வேலைக்குக் கொழும்பையும் வெளிநாட்டையும் நாடுவான். நூலட்டைக்கு ஒரு விலையும் முழு நூலுக்கு மற்றொரு விலையும் வைப்பான். எண்ணை அறியாதவனோ இரவுபகலாக உழைத்து, ஏன் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு சோதிடரிடம் போவான்.

விலையைச் சொன்னால் மட்டும் போதாது. அதனை எழுத வேண்டும். ஒரு பக்கக் கடதாசி போதும். என்ன வேலை, எத்தனை முறை திருத்தம், எந்நாளில் முடிவு, முற்பணம் எவ்வளவு, மிகுதி எப்போது என்பன அதில் இருக்க வேண்டும். பாதிப் பணத்தை முன்னரே பெறுவது மரியாதைக் குறைவன்று. வீடு கட்டும் மேசனுக்கு நாம் முற்பணம் கொடாமல் இருக்கிறோமா? திருத்தத்துக்கு எல்லை வைக்காவிட்டால், மணமகனின் சிறிய தாயார் நிறத்தை மாற்றச் சொல்வார். மணமகளின் மாமனார் பூவை மாற்றச் சொல்வார். கலியாணமே முடிந்துவிடும், அழைப்பிதழ் முடியாது. ஆக்கிய சின்னத்தின் உரிமை யாருக்கு என்பதையும் அதிலே எழுதிக்கொள்ளல் நன்று. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நம் நாட்டில் உண்டு. ஆயினும் வழக்கென்று வந்தால் உடன்படிக்கையில் எழுதியிருப்பது என்ன என்பதே முதற் கேள்வியாகும்.

இதனை வாசிக்கும் இளைஞர் சிரிப்பது எமக்குத் தெரிகிறது. ‘சேர், எங்கள் ஊரில் எல்லாரும் மாமன், மச்சான், பெரியப்பா, அவர்களிடம் கடதாசி நீட்டலாமா?’ உண்மைதான். படுவான்கரையாயினும் எழுவான்கரையாயினும் மட்டக்களப்பிலே குடிவழி சொல்லத் தொடங்கினால் உறவாகாதவர் அரியர். அதிலும் கோயில் வேலை வந்தால் வாய் திறக்கவே இயலாது. திருவிழாவுக்கு விஞ்ஞாபனம் அச்சிட வேண்டும். கும்பாபிஷேகத்துக்கு மலர் வெளியிட வேண்டும். ‘தம்பி, நம்மட கோயில்தானே’ என்பார் வண்ணக்கர். அந்தச் சொல்லுக்கு மேல் பேச்சில்லை.

இதற்கும் எமது கோயில்களே வழி வைத்திருக்கின்றன. விஞ்ஞாபனத்தைப் புரட்டிப் பாருங்கள். முதலாம் நாள் திருவிழா இன்னாரின் உபயம், இரண்டாம் நாள் இன்னாரின் உபயம் என்று வரிசையாகப் பெயர் இருக்கும். பால் கொடுத்தவருக்கும் பூக் கொடுத்தவருக்கும் பெயருண்டு. அவ்விதமே வடிவமைத்தவனும் பணம் வேண்டாதபோது ‘விஞ்ஞாபன வடிவமைப்பு: இன்னாரின் உபயம்’ என்று தன் பெயரை இடுவிக்கலாம், அதன் பெறுமதி இவ்வளவு என்று ஒரு சீட்டும் எழுதி, அடியில் ‘உபயம்’ என்று குறித்து, வண்ணக்கரிடம் கொடுத்துவிடலாம். அன்று தொட்டு ஊருக்கு அந்த வேலையின் விலை தெரிந்துவிடும். இலவசமாகச் செய்தவன் என்ற பெயருக்கும் உபயகாரன் என்ற பெயருக்கும் உள்ள தூரம் கோயில் முற்றத்திலே நிற்பவர்க்கு நன்கு விளங்கும்.

இனி, ஒரு பயம். 2013இலே அவுஸ்திரேலியாவில் தோன்றிய ‘கன்வா’ போன்ற சாதனங்களால் எவரும் ஓர் அழைப்பிதழைத் தாமே ஆக்கிக்கொள்ளலாம். செயற்கை நுண்ணறிவோ சொன்னவுடன் படத்தையே தந்துவிடுகிறது. இக்காலத்தில் வடிவமைப்பாளனுக்கு வேலை ஏது என்று கேட்கிறார்கள். அழகு மலிவாகிவிட்டது என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பிழையின்மை மலிவாகவில்லை. இந்நாட்டிலே 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. பெயர்ப்பலகைகள் மும்மொழியில் எழுந்தன. அவற்றிலுள்ள தமிழைப் பார்த்தால், அரசகரும மொழியாகாமலே இருந்திருக்கலாம் என்று சில வேளைகளில் எண்ணத் தோன்றும். ஒற்று விழுந்திருக்கும், கொம்பு இடம் மாறியிருக்கும், பொருளே மாறியிருக்கும்.

அதற்குக் காரணம் அறியாமை மட்டும் அன்று. எமது அச்சகங்கள் பலவற்றில் ‘பாமினி’ போன்ற பழைய எழுத்துருக்கள் நெடுங்காலம் ஆண்டன. அவ்வெழுத்துருவில், கணினியின் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தின் இலக்கமே. மேலுக்கு மட்டும் தமிழ் உடுத்தியிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியிலே கோவையைத் திறந்தால் உடை கழன்று, பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். ‘யூனிகோட்’ முறையிலோ தமிழெழுத்து ஒவ்வொன்றுக்கும் உலகெங்கும் ஒரே குறியீடு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது எங்கே எழுத்துச் சிதறும் என்பதை அறிந்தவன், தமிழ் தெரியாத கொழும்பு நிறுவனத்துக்கு விலைமதிப்பற்ற துணை. இலக்கண பாடத்தைப் பரீட்சை முடிந்ததும் கொளுத்திவிடலாம் என்று எண்ணும் மாணவர்கள் இவ்விடத்தை இன்னொருமுறை வாசிப்பார்களாக. புணர்ச்சி விதிக்கும் பணம் உண்டு!

வெளிநாட்டுக்கு வேலை செய்வோர்க்கு மற்றொரு சிறு செய்தி. கனடாவில் பகல் என்றால் இங்கே இரவு. இரவெல்லாம் விழித்திருந்து பகலில் உறங்கும் பிள்ளையைக் கண்டு தாய்மார் கவலைப்படுவது இயல்பே. வேலைக்கு ஒரு நேரம், உணவுக்கு ஒரு நேரம் என்று வகுத்துக்கொள்ளாதவன் முதலாளியை இழந்ததோடு உடம்பையும் இழப்பான். டொலரிற் பேசும்போது மாற்று வீதம் ஏறும், இறங்கும் என்பதையும், நடுவிலே பணத்தைக் கடத்தித் தருவோர் எடுக்கும் பங்கையும் விலையிலே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஈற்றில், கேட்ட தந்தைக்கு ஒரு விடை சொல்ல வேண்டும் அன்றோ? கலியாணப் பேச்சிலே ‘மாப்பிள்ளைக்கு என்ன தொழில்?’ என்று கேட்டால் அவர் வாய் தடுமாறுகிறார் என்பதே அவருடைய உண்மையான துயரம். வங்கிக்குக் கடன் கேட்கப் போனாலும் அதே கேள்விதான். சம்பளச் சீட்டு எங்கே என்பார்கள். இதற்கு எமது ஊரிலேயே இடம் உண்டு. தனி ஆளாகச் செய்யும் தொழிலாயினும் அதற்கொரு பெயர் வைத்துப் பிரதேச செயலகத்தின் மூலம் பதிவு செய்துகொள்ளலாம். எமக்குக் கிரானிலே கோறளைப்பற்று தெற்குப் பிரதேச செயலகம் இருக்கிறது. அந்தப் பெயரிலே வங்கியில் ஒரு கணக்கைத் திறந்து, வரும் பணம் சிறிதாயினும் அதன் வழியாகவே வரச்செய்து, ஒவ்வொரு வேலைக்கும் இலக்கமிட்ட பற்றுச்சீட்டுக் கொடுத்து வந்தால், ஓராண்டில் அக்கணக்கே சம்பளச் சீட்டின் வேலையைச் செய்யத் தொடங்கும். பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்திலிட்டு வீட்டு முன்விறாந்தையில் மாட்டிவைக்கலாம். பெண்வீட்டார் வந்து அமரும் கதிரைக்கு நேர் எதிரே மாட்டுவது உத்தமம்.